வாடை போன புகையும் மூச்சில்தான் இறங்குகிறது

2024 மார்ச் நடுவில் நீலகிரியின் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பக்கம் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து 16,000 லிட்டர் தண்ணீர் ஊற்றியது. தனியார் தேயிலைத் தோட்டத்தில் சருகுக்கு வைத்த நெருப்பே காட்டுக்குள் ஏறியது என்று வனத்துறை வழக்குப் போட்டது. தீ அணைந்ததோடு செய்தியும் முடிந்தது. புகை எங்கே போயிற்று, போகிற வழியில் அதற்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கவலை.

நீலகிரியில் ஜனவரி உறைபனி புல்லைக் கருக்கிவிடும். மார்ச்சுக்குள் அது காய்ந்து கிடக்கும்போது உண்ணிச்செடிப் புதரும், எண்ணெய் ஊறிய கற்பூர மரத்து இலையும் பக்கத்தில் இருந்தால் ஒரு பொறி போதும்.

புகையின் காட்டமான வாடை, மரத்தின் லிக்னின் சிதைந்து வரும் ஃபீனால் வகைச் சேர்மங்களுடையது. வெயில் பட்ட காற்றில் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறுத் துண்டு பிறக்கிறது. அது இந்தச் சேர்மங்களைச் சில மணி நேரத்திலேயே உருமாற்றிவிடும். வாடை குறையும், பொருள் மறையாது. ஆக்சிஜன் ஏறிக் கனத்த புதுச் சேர்மங்கள், மிதக்கும் துகள்களின் மேலேயே படிந்துகொள்கின்றன. இருட்டிய பிறகு, நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து பிறக்கும் வேறொரு துண்டு அதே வேலையைத் தொடர்கிறது. அப்போது பழுப்பு நிற நைட்ரோஃபீனால்கள் உண்டாகின்றன. புகை விரியும்போது ஒரு பகுதி ஆவியாகிப் போவதும், வெயிலில் அந்தப் பழுப்பு வெளுப்பதும் உண்மைதான். ஆனால் இப்படி வயதேறிய துகள், நம் திசுக்களைத் தாக்கும் ஆக்சிஜனேற்றத் திறனில் புதுப் புகையை மிஞ்சக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நெருப்பைக் கண்ணால் பார்க்காத ஊருக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

மலையில் இன்னொரு சிக்கல். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடிபோல அமர்ந்து புகையை அடைத்துவைக்கும். விடியலில் வீட்டுக்கு வெளியே நிற்பது பனிமூட்டம் மட்டுமல்ல.

பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இரண்டு அளவும் எடையைத்தான் பார்க்கின்றன. துகள் எதனால் ஆனது என்று கேட்பதில்லை. அதனால் அளவு வரம்புக்குள் இருந்தாலும் ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கவனம் தேவை. ஜன்னலைச் சாத்தி, தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு ஓட்டு இடுக்குகளைத் துணியால் அடையுங்கள். புகை சூழ்ந்த நாளில் ஊதுவத்தி வேண்டாம். வெளியே போனால் என்95 முகக்கவசம். ஈரத்துணி இந்த நுண்துகளைத் தடுக்காது. இழுப்பு வந்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இனி உரிமை. தூய காற்று, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சருகு எரிகிறதென்று தெரிந்தால் வனச்சரக அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

புகையால் படுத்தவர் அதே தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இழப்பீடு கேட்கலாம். 5 ஆண்டு அவகாசம் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வாடை போன புகைக்குச் சாட்சி எங்கே? இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். மருத்துவச் சீட்டில் 'புகையால் மூச்சுத்திணறல்' என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதையும் குறித்துவையுங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 'வன் அக்னி' தளம், செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகளைப் பதிவுசெய்கிறது. தீ மேலே எரிந்த நாளும் கீழே நீங்கள் இருமிய நாளும் பொருந்துவதைக் காட்ட அது உதவும். வனத்துறைப் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

இப்படி வழக்குப் போட வழக்கறிஞரும் வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம். அதற்கான தொலைபேசி எண் 15100.