சட்டைப் பையில் நாற்பத்தொரு வேலைகள்

நாம் நன்கு அறிந்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். மேனிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். கரும்பலகையின் முன் நின்றுவிட்டால் மணி அடிப்பதுகூட அவர் செவியில் விழாது. அத்தகையவரின் இல்லத்தில், குளியலறைக் குழாய் கழற்றப்பட்ட நிலையிலேயே மூன்று திங்கள் கிடந்தது. மேசை இழுப்பறையில் நாட்குறிப்பேடுகள் அடுக்கடுக்காய் உள்ளன. எல்லாவற்றிலும் சனவரி மாதம் நிரம்பி வழிகிறது. பிப்ரவரி நடுவில் எழுத்து நின்றுவிடுகிறது.

அவருடைய சட்டைப் பையில் எந்நாளும் நான்காய் மடித்த தாள் ஒன்று இருக்கும். ஒருமுறை அதை வாங்கிப் பார்த்தோம். 41 வேலைகள்! ‘குழாய்’ என்று ஒரு வரி, ‘வீட்டு வரி’ என்று ஒரு வரி, ‘அம்மா - கண்’ என்று ஒரு வரி, ‘மகள் விண்ணப்பம்’ என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் அந்தக் குடும்பத்தையே உலுக்கிற்று. மகளின் கல்வி உதவித்தொகைக்குரிய விண்ணப்பம் முழுவதும் நிரப்பப்பட்டு, வருமானச் சான்றிதழ் நகல் ஒன்றை மட்டும் இணைக்காத காரணத்தால் இறுதி நாள் கடந்துபோயிற்று. “உங்களுக்கு எங்கள்மேல் அக்கறையே இல்லை” என்றார் மனைவி. அவர் மறுமொழி கூறவில்லை. அந்தச் சான்றிதழை அவர் நாள்தோறும் நினைத்தார் என்பதும், இரவில் விழித்துக்கொண்டு அதையே எண்ணிக் கிடந்தார் என்பதும் பின்னரே நமக்குத் தெரிய வந்தன.

ஆண்டுக்கணக்காகப் பாவசங்கீர்த்தனத்தில் ‘சோம்பல்’ என்றே சொல்லி வந்ததாகவும் அவர் நம்மிடம் கூறினார். சோம்பேறியை நாம் பார்த்திருக்கிறோம். அவன் ஓய்வை அனுபவிப்பவன். இவரோ ஓய்வு நாளிலும் ஓய்ந்திருக்க இயலாதவர்.

உண்மை வேறு வழியாக வெளிப்பட்டது. இளைய மகனுக்கு வகுப்பில் கவனம் நிற்பதில்லை என்று பள்ளியிலிருந்து சொல்லியனுப்ப, பெற்றோர் அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். பொருள்களைத் தொலைப்பானா? தொடங்கியதை இடையில் விடுவானா? மருத்துவர் மகனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தந்தை தமக்குள் ‘ஆம்’ சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்த வாரம் அவரே தனியாகச் சென்றார். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு - மிகைச்செயல் குறைபாடு அவருக்கும் இருந்தது. இதில் வியப்பில்லை. இக்குறைபாட்டில் மரபின் பங்கு ஏறத்தாழ முக்கால் பங்கு என்பது இரட்டையரிடையே நடந்த ஆய்வுகளின் முடிவு. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர்கள் பழங்கதையைக் கிளறிக் கேட்பதும் முறைப்படியே.

இது நேற்றுத் தோன்றிய நாகரிக நோயன்று. 1798-இலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் கவனம் நிலைகொள்ளாத மனநிலையைப் பற்றி எழுதினார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாத சிறுவர்களிடம் காணப்பட்ட இத்தகைய அடங்காமையை ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை’ என்று விவரித்தார். ‘ஒழுக்கம்’ என்ற அந்தச் சொல் இன்றும் நம் வீடுகளில் வாழ்கிறது. மருத்துவம்தான் அதைக் கைவிட்டது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் கவனக்குறைவை முன்னிறுத்திப் பெயரிட்டது; இப்போதைய பெயர் 1987-இல் வந்தது.

அப்படியானால், பட்டியல் எழுதியும் பணி ஏன் முடிவதில்லை? 1920-களில் பெர்லினில் புளூமா சைகார்னிக் என்ற இளம் உளவியலார், பலருக்குச் சிறு சிறு வேலைகளைக் கொடுத்து, பாதியை இடையில் நிறுத்திவிட்டார். முடித்தவற்றைக் காட்டிலும் நிறுத்தப்பட்டவையே அவர்கள் நினைவில் மிகுதியாக நின்றன. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. ஆயினும் அரைகுறை வேலை மனத்தை அரிக்கும் என்பதை அறியாத இல்லத்தரசி யார்? 2011-இல் மாசிகம்போ, பௌமைஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவு இன்னும் பயனுடையது. வேலையை முடிக்காவிட்டாலும், அதை எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டமிட்ட அளவிலேயே அந்த அரிப்பு தணிகிறது.

ஆசிரியரின் தாளில் இருந்தவை திட்டங்களல்ல, வெறும் பெயர்ச்சொற்கள். ‘குழாய்’ என்றால் என்ன செய்வது? வாசர் வாங்குவதா? குழாய்க்காரரை அழைப்பதா? முதற்படி எது என்று ஒவ்வொரு முறையும் புதிதாய்த் தீர்மானிக்க வேண்டியிருந்தது. முறைப்படுத்துவதும் தொடங்குவதும் காலத்தை அளப்பதும்தான் இக்குறைபாடு உள்ளவர்க்குக் கடினம். அவர்தம் மனத்திலே ‘இப்போது’, ‘இப்போதல்ல’ என்று இரண்டே காலங்கள் உள்ளனபோலும். இறுதி நாள் வாசலில் வந்து நின்றால்தான் அது ‘இப்போது’ ஆகிறது.

அமெரிக்க உளவியலார் ரஸ்ஸல் பார்க்லி இதைப் பற்றி ஒரு கருத்தை வலியுறுத்தி வருகிறார்: அறிவு இல்லாமையன்று குறை, அறிந்ததை உரிய இடத்தில் உரிய வேளையில் செய்ய இயலாமையே; எனவே உதவியும் அந்த இடத்திலேயே இருக்கவேண்டும். மனைவிக்கு இது ஒரு நொடியில் விளங்கிற்று. அவர் மருத்துவமனைச் செவிலியர்; நோயாளியின் படுக்கையருகே குறிப்புத்தாள் தொங்குவதன் பொருளை அறிந்தவர். அன்று மாலையே திருகுசாவி இழுப்பறையைவிட்டுக் குளியலறை வாசற்படிக்கு வந்தது.

பின்னர் இருவரும் அமர்ந்து அந்த 41-ஐயும் ஒரு பெரிய குறிப்பேட்டில் எழுதினர். அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது: ‘அம்மா - கண்’ எப்போதோ முடிந்திருந்தது, ஆசிரியரின் தங்கையே தாயாரை அழைத்துச் சென்று காட்டிவிட்டார். செய்யவே தேவையில்லாதவை என 9 வேலைகள் அடிக்கப்பட்டன. அடிக்கும்போது அவர் கை நடுங்கியதாம். நாம் இதைச் சிறிதாக எண்ணவில்லை. ‘இதைச் செய்யப்போவதில்லை’ என்று சொல்வதற்கும் ஒருவர் துணை வேண்டியிருக்கிறது.

குறிப்பேடு வீட்டில் இருக்கும். சட்டைப் பையில் ஒரு சிறிய அட்டை. அதில் 3 வரிகளுக்கு மேல் எழுதுவதில்லை. ஒவ்வொன்றும் வினைச்சொல்லில் முடியும். ‘வீட்டு வரி’ இப்போது, ‘சனிக்கிழமை காப்பி குடித்தவுடன், கைப்பேசியில் வீட்டு வரியைக் கட்டு’ என்று ஆயிற்று. ‘இது நிகழ்ந்தவுடன் அதைச் செய்வேன்’ என்ற இந்த முறையை ஜெர்மானிய உளவியலார் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்தவர். தொடங்குவது மிகவும் கடினமாயிருக்கும் வேளையில், மனைவி அருகில் அமர்ந்து மொச்சை உரிப்பார். ஒன்றும் பேசமாட்டார். அது போதுமாயிருந்தது.

மருந்தும் உண்டு. மெத்தில்பெனிடேட், அட்டமோக்செட்டின் போன்றவற்றை மருத்துவர் மட்டுமே தரவேண்டும். அவை கவனத்தை ஒருமுகப்படுத்தப் பலருக்குத் துணை செய்கின்றன. ஆனால் மாத்திரை பட்டியலை எழுதித் தராது. 2010-இல் பாஸ்டனில் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர், மருந்து உட்கொண்டும் தொல்லை தீராத 86 பெரியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நடத்தைவழிப் பயிற்சியும் மற்றவர்க்குத் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தனர். முதற்பிரிவினரே கூடுதலாக முன்னேறினர். அப்பயிற்சி, நாட்காட்டியும் பணிப்பட்டியலும் பேணுவதிலிருந்தே தொடங்குகிறது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத நமக்கு விருப்பம்தான். ஆனால் அது பொய்யாகும். ஐந்தாவது வாரத்தில் அட்டை மறந்துபோயிற்று. புதுமை மங்கியதும் பட்டியலும் மங்குவது இவர்களிடம் வழக்கம். பழைய ஆசிரியராயிருந்தால், ‘நான் எதற்கும் ஆகாதவன்’ என்று இன்னொரு நாட்குறிப்பேட்டை இழுப்பறைக்குள் தள்ளியிருப்பார். இம்முறை மகள் மஞ்சள் நிற அட்டைகள் வாங்கி வந்தாள், மீண்டும் தொடங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அரைமணி நேரம் குறிப்பேட்டைப் பார்ப்பது என்ற ஏற்பாடு மட்டும் இதுவரை தப்பிப் பிழைத்திருக்கிறது.

இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தைத் தந்தையும் மகளும் ஒரே மேசையில் அமர்ந்து அனுப்பினர், இறுதி நாளுக்கு 6 நாள்கள் முன்னதாக. குழாயிலும் தண்ணீர் வருகிறது. அதன் கைப்பிடி மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை. சென்ற வாரம் நாம் பார்த்தபோது மஞ்சள் அட்டையில் இரண்டாம் வரியாக இருந்தது.