அளப்பது இரண்டு, ஊகிப்பது பத்து

பெங்களூருவில் கோரமங்களா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ‘ஸ்மார்ட்’ எடை மெஷின் இப்போது சகஜம். வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை, கொழுப்பு, தசை, நீர், எலும்பு, ‘உடல் வயது’ என்று செல்போனில் ஒரு டஜன் எண்கள் வந்து விழும். மெஷின் உண்மையில் அளப்பது எடையையும் மின்தடையையும் மட்டும்தான். மற்றதெல்லாம் கணக்கு.

எடையை நம்பலாம். கண்ணாடிப் பலகையின் நான்கு மூலையிலும் உள்ள உலோகத் துண்டுகள் நம் பாரத்தில் இம்மியளவு வளைகின்றன. அந்த வளைவுதான் கிலோவாகிறது. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் புவியீர்ப்பு சென்னையைவிடச் சற்றுக் குறைவு. மகிழ வேண்டாம்: 60 கிலோ ஆளுக்கு 15 கிராம் அளவுதான் வித்தியாசம். மெத்தென்ற கால்மிதி மேல் மெஷினை வைத்தால் வரும் பிழை இதைவிடப் பெரிது. சந்தேகமிருந்தால் 10 கிலோ அரிசிப் பையோடு ஒரு தடவையும் பையில்லாமல் ஒரு தடவையும் ஏறிப் பாருங்கள்.

கொழுப்பு வேறு கதை. உணர முடியாத மின்னோட்டம் ஒன்று ஒரு பாதத்தில் புகுந்து மறு பாதத்தில் வெளியேறுகிறது. நீர் நிறைந்த தசையில் எளிதாகப் பாயும், கொழுப்பில் திணறும். காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடுவதால் தொப்பையை அது பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. நம்மவர்களுக்குக் கொழுப்பு சேர்வதோ அங்கேதான்! மீதியை உயரம், வயது, பாலினம் வைத்து ஒரு சூத்திரம் இட்டு நிரப்பும். யாருடைய உடல்களை அளந்து அந்தச் சூத்திரத்தை எழுதினார்கள் என்பதுதான் கேள்வி.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனின் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே உதாரணமாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 22.3. ஆனால் எக்ஸ்-ரே கொண்டு அளக்கும் டெக்சா ஸ்கேனில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெள்ளையர் உடலுக்கு எழுதிய சூத்திரம் யாஜ்னிக்கைப் பார்த்து, ‘கச்சிதமான ஆள்’ என்று சொல்லிவிடக்கூடும்.

சரியாக அளக்க வழியில்லாமல் இல்லை. கோரமங்களாவிலேயே செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், உடலிலுள்ள பொட்டாசியம் இயல்பாக உமிழும் காமாக் கதிரை எண்ணும் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். பொட்டாசியம் தசையில் நிறைய, கொழுப்பில் சொற்பம். ஆனால் அதெல்லாம் குளியலறையில் வைக்கிற சாமானா?

வீட்டு மெஷினில் தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் ஏறுங்கள். கொழுப்புச் சதவீதம் எத்தனை என்பதை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். லால்பாகில் ஓடி வியர்த்த கையோடு ஏறினால் எண் மாறும், கொழுப்பு மாறியிருக்காது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் இதில் ஏறவே கூடாது. அவர்களுக்கு முள் காட்டும் பழைய எடை மெஷினே போதும்.