வீட்டுக்கு ஒரு மடிக்கணனி: ஒரு இலட்சத்திற்குள் நான் வாங்கிய விதம்

கடைக்குச் சீமெந்து இறக்கும்போது மூடையைப் புரட்டித் திகதி பார்க்கும் நாம், வீட்டுக்கு ஒரு மடிக்கணனி வாங்கப் போனால் மட்டும் விற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறோம். நானும் அவ்வாறு நம்பிப் பணத்தை இழந்தவன்தான். மாவனல்லையில் இருபது வருடங்களாக ஹாட்வெயார் கடை நடத்தும் எனக்கு அது ஒரு வெட்கம்.

2021ஆம் ஆண்டு. பாடசாலைகள் மூடிக் கிடந்தன. உயர்தரம் படித்துக் கொண்டிருந்த மகளுக்கு ஒன்லைன் வகுப்புகள். கைத்தொலைபேசித் திரையில் கணக்கீட்டுப் பாடம் பார்த்துக் கண் வலிக்கிறது என்றாள். ஒரு கடையில் பெட்டி உடைக்காத புதிய மடிக்கணனி 72 ஆயிரம் ரூபாவுக்கு இருந்தது. பார்க்க மெல்லியதாக, அழகாக இருந்தது. நினைவகம் 4 ஜீ.பி., சேமிப்பு 64 ஜீ.பி. "வீட்டுப் பாவனைக்கு இது தாராளம் ஹாஜியார்" என்றார் கடைக்காரர். நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பதைச் சொல்லவும் மறந்து பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வருடம்கூடச் செல்லவில்லை. விண்டோஸும் அதன் அப்டேட்களும் அந்த 64 ஜீ.பி.யில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டன. சூம் வகுப்பைத் திறந்து பக்கத்தில் ஒரு எக்ஸல் தாளையும் திறந்தால் கருவி அப்படியே நின்றுவிடும். சேமிப்பைக் கூட்டலாமா என்று திருத்துபவரிடம் கேட்டபோதுதான் விடயம் விளங்கியது. அதிலிருந்தது ஈ.எம்.எம்.சி. எனப்படும் வகை, தாய்ப்பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டது. கழற்றி மாற்ற முடியாது. நினைவகமும் அப்படியே.

இப்போது மகள் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். ஒப்படைகளைத் தட்டெழுதி அனுப்ப வேண்டும். "வாப்பா, கூட்டாளியின் லெப்டொப்பை எத்தனை நாளைக்கு இரவல் கேட்பது?" என்று அவள் கேட்டது பெயின்ட் ஸ்டொக் போடும் காலத்தில். அந்த நேரத்தில் ஒரு இலட்சத்தைக் கடையிலிருந்து எடுப்பது என்றால் என்னவென்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, புதிய நல்ல மடிக்கணனியின் விலை நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டாமலே போய்விட்டது. மேசைக் கணனி மலிவு என்று சிலர் சொன்னார்கள். அவ்வருடம் மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டதை நான் மறக்கவில்லை. பெட்டரி உள்ள கருவிதான் வேண்டும் என்றேன். அத்துடன் மகள் அதை விடுதிக்குத் தூக்கிக் கொண்டு போக வேண்டும்.

ஆகவே பாவித்த மடிக்கணனி என்று முடிவு செய்தேன். வெளிநாட்டுக் கம்பனிகள் தமது ஊழியர்களுக்குக் கொடுத்து, சில வருடங்களில் கழித்துவிடும் டெல் லெட்டிடியூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்றவை நம் நாட்டுக்கும் வருகின்றன. அலுவலக வேலைக்கென்று செய்யப்பட்டவை என்பதால் கீல் உறுதியானது, விசைப்பலகை நல்லது. பெரும்பாலானவற்றின் அடிமூடியைத் திறந்து சேமிப்பை மாற்றலாம். பலவற்றில் நினைவகத்தையும் கூட்டலாம். 72 ஆயிரத்துக்கு வாங்கிய புதிய கருவியில் இல்லாத வசதி இதுதான்.

மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனேன். முதல் கடையில் ஒரு இளைஞர் "ஐ7 சேர், ஐ5ஐ விட வேகம்" என்று ஒன்றை எடுத்து வைத்தார். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐ5, ஐ7 என்பது தரம் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் தலைமுறை. 4600 என்றால் நான்காம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210 என்றால் பத்து, 1135 என்றால் பதினொன்று. அவர் காட்டிய ஐ7 நான்காம் தலைமுறை, அதில் இரண்டு கோர்கள். எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவில் நான்கு கோர்கள். பழைய பெரிய பெயரை விடப் புதிய சின்னப் பெயர் மேல்.

எட்டு என்ற கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11ஐ, ஒரு சிலவற்றைத் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கருவிகளில் மைக்ரோசொப்ட் ஏற்பதில்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறோம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். போடலாம், ஓடும். ஆனால் பின்னால் வரும் அப்டேட்களுக்கு யாரும் பொறுப்பில்லை. வங்கிக் கணக்கை ஒன்லைனில் பார்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

மூன்றாவது கடையில் 14 அங்குலத் திரையுள்ள ஒரு லெட்டிடியூட் இருந்தது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜீ.பி. நினைவகம், 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. கேட்ட விலை 96 ஆயிரம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டு உண்டு, எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை, அதனால் கருவி சில நொடிகளில் விழித்துக் கொள்கிறது. நாலு வருடப் பழைய கணனியையும் புதியது போல் ஆக்குவது இதுதான். திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன், நிறம் மங்கவில்லை. வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து கறை தேடினேன்.

பிறகு என் மகள் ஒரு வேலை செய்தாள். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ கட்டளை தட்டினாள். பெட்டரி அறிக்கை என்று ஒரு பக்கம் வந்தது. விண்டோஸிலேயே உள்ள வசதியாம். எந்தச் செலவும் இல்லை. புதிதாக இருந்தபோது கொள்ளளவு 51 ஆயிரம் என்றும், இப்போது நிரம்புவது 34 ஆயிரம் என்றும் அதில் இருந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. "பெட்டரி புதுசு" என்று சொன்ன கடைக்காரர் சற்று நேரம் பேசவில்லை. 96 ஆயிரம் 90 ஆயிரமானது.

இன்னொன்றையும் பார்த்தோம். கருவியை மீண்டும் இயக்கி எப்2 விசையை அழுத்தி உள் அமைப்புக்குப் போனோம். லெனோவோவில் எப்1, எச்.பி.யில் எப்10. அங்கே கடவுச்சொல் கேட்டால் வாங்கவே வேண்டாம். பழைய கம்பனி போட்ட பூட்டாக இருக்கலாம், திருட்டுச் சாமானாகவும் இருக்கலாம். எங்களுடையது கேட்கவில்லை. தொடர் இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொன்னேன். மூன்று மாத உத்தரவாதத்தை வாயால் சொன்னவரிடம் அதையும் எழுதி வாங்கினேன். சார்ஜரையும் அதில் சேர்க்கச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "நீங்களும் கடைக்காரர்தானே?" என்றார்.

மைக்ரோசொப்ட் ஒபிஸுக்குப் பணம் கேட்டார்கள். வேண்டாம் என்றோம். இலவசமான லிப்ரே ஒபிஸ் மகளின் வேலைக்குப் போதுமாக இருக்கிறது, சில பேராசிரியர்கள் அனுப்பும் கோப்புகளில் வரிகள் சற்று இடம் மாறி வருவதைத் தவிர. மீதிப் பத்தாயிரத்தில் ஒரு பகுதிக்கு வெளிச் சேமிப்பு டிஸ்க் ஒன்று வாங்கினோம்.

பழைய 72 ஆயிரம் ரூபாக் கருவியை எறிய மனம் வரவில்லை. மருமகன் விண்டோஸை அழித்து லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தந்தார். சூம், எக்ஸல் எல்லாம் சேர்த்துச் சுமக்க அதற்கு இன்னும் முடியாது. கடைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கடன் வாங்கியவர்களின் பட்டியலை மட்டும் அதில் எழுதி வருகிறேன். அந்தப் பட்டியலுக்கு 64 ஜீ.பி. இதுவரை போதுமாக இருக்கிறது.