நடைவழிகள் – 9: தடை தோற்ற தீவில் ஒரு சாரட்டுச் சாலை

அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரையை ஒட்டி அட்லாண்டிக் கடலில் கிடக்கிறது மவுண்ட் டெசர்ட் தீவு. அகேடியா தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இந்தத் தீவில்தான் இருக்கிறது. அங்கே ஈகிள் ஏரியைச் சுற்றி வரும் வட்டப் பாதை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சாரட்டு வண்டிகள் ஓடுவதற்காகச் சுமார் நூறாண்டுக்கு முன் போட்ட சாலை அது. ஏற்றம் உண்டு, ஆனால் மலைச்சரிவை ஒட்டி நிதானமாக ஏறுவதால் மூச்சு வாங்காது. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் நடப்பவர் காதில் காற்றும் தண்ணீருமே விழும். இந்த அமைதியைக் காத்தது தடைதான் என்று எண்ணுவது இயல்பு. தீவின் வரலாறோ, வெறும் தடையால் எதையும் காப்பாற்ற முடியாது, விட்டுக்கொடுக்க மக்களுக்கு மனம் வராத ஒன்றை அங்கே கட்டி வைக்க வேண்டும் என்கிறது.

தடை முதலில் வந்தது 1903-இல். தீவின் ஊர்கள் விரும்பினால் மோட்டார் கார்களை விலக்கி வைக்கலாம் என்று மாநிலம் அப்போது சட்டம் இயற்றியது. கோடையில் வந்து தங்கும் செல்வந்தர்களுக்கு அது பிடித்திருந்தது. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்ந்தவர்களில் பலருக்குக் கார் தேவைப்பட்டது. 1913-இல் பார் ஹார்பர் ஊர் வழிவிட்டது; 1915-க்குள் தீவு முழுவதும் கார்களுக்குத் திறந்துவிட்டது. சட்டம் ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. அதே 1913-இல்தான் எண்ணெய்ச் செல்வக் குடும்பத்தின் வாரிசான ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் தம் நிலத்தில் சாரட்டுச் சாலைகள் போடத் தொடங்கினார். 1940 வரை நீண்ட அந்த வேலையில் 57 மைல் சாலை உருவானது. அதில் 45 மைல் இன்று பூங்காவுக்குள் இருக்கிறது. 17 கருங்கல் பாலங்களில் 16 அவர் பணத்தில் கட்டியவை.

தந்தையின் பண்ணைகளில் சாலை போடும் கலையைக் கற்றவர் அவர். 16 அடி அகலம். கீழே பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே இறுகிய பொடிக்கல். மழைநீர் தேங்காமல் இருபுறமும் வடிய நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தினார்கள். ஓரத்தில் வடிகால், சாலைக்கு அடியில் நீர் கடக்கக் குழாய்கள். பாலத்துக்கான கல்லைத் தீவிலேயே வெட்டினார்கள். சரிவான இடங்களில் வண்டி உருண்டுவிடாதபடி ஓரத்தில் நட்ட முரட்டுக் கற்களை உள்ளூர்க்காரர்கள் ராக்ஃபெல்லரின் பற்கள் என்று அழைப்பதுண்டு. சாலை வெட்டிய வடுக்களில் என்ன செடி நட வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்ற தோட்டக்கலை நிபுணர். இவ்வளவு சீரான சாலை இருக்கும்போது நடப்பவர் குறுக்கே இறங்கிப் பாசியையும் புதரையும் மிதிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. இப்படித்தான் ஒரு சாலை காட்டைக் காக்கிறது.

காட்டைக் காப்பதற்கு மலையை வெடிவைத்துப் பிளப்பதா என்று அன்றே கேட்டார்கள். பின்னாளில் செனட்டரான ஜார்ஜ் வார்ட்டன் பெப்பர் 1920-இல் எதிர்ப்புத் தெரிவித்ததும், ஆம்ஃபிதியேட்டர் என்ற பள்ளத்தாக்கில் ராக்ஃபெல்லர் வேலையை நிறுத்தினார். ஆனாலும் பின்னர் 1928-இல் அங்கே பாலம் எழுந்தது. பெப்பரின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை வெட்டிய மலை திரும்ப வளராது. ஆனால் சாலையே இல்லாத மலையோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்குச் சரியாக வராது. கார்கள் வந்தேவிட்ட தீவு அது. 1931-இல் கேடிலாக் மலையுச்சி வரை மோட்டார் சாலை முடிந்தது. இன்று அந்த உச்சியில் மிதிபட்டு மண் அரித்த இடங்களில் செடிகளை மீட்டெடுக்கப் பாடுபடுகிறார்கள். நெரிசல் தாங்காமல் 2021 முதல் கார்களுக்கு முன்பதிவு வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு பூங்காவுக்கு வந்தவர்கள் 40 லட்சத்துக்கும் மேல். அந்த நெரிசலுக்குப் பக்கத்திலேயே சாரட்டுச் சாலைகள் மோட்டார் இல்லாமல் நிற்கின்றன.

எண்ணெயில் சேர்த்த குடும்பச் செல்வம், காரை வெறுத்த ஒரு பணக்காரரின் விருப்பம், இதையா முன்மாதிரி என்பது என்று இன்னொரு மறுப்பும் எழலாம். ராக்ஃபெல்லர் காரை எதிர்த்து மட்டும் நிற்கவில்லை. பூங்காவின் மோட்டார் சாலைக்கும் பணம் கொடுத்தார். கார்களுக்கு நல்ல வழி ஒன்று இருந்தால் அவை சாரட்டுச் சாலைகளின் பக்கம் கேட்டு வராது என்பது அவர் கணக்கு. இரண்டு சாலைகளும் குறுக்கிடும் இடங்களில் பாலம் கட்டி ஒன்றின் மேலாக மற்றொன்றைக் கொண்டுபோனார்கள். யாருக்காகக் கட்டினார் என்பதைவிட யாருக்குப் பயன்படுகிறது என்பதே எனக்கு முக்கியம். முதியவர்களும் குழந்தைகளும் அந்தச் சரிவில் நடக்க முடிகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஏறும்படி அமைத்த குதிரை வண்டியும் ஓடுகிறது. கால் வலுவுள்ள சிலருக்கே உரிய காடு இது அல்ல.

என் வாதத்துக்கு நானே ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். சாலையும் தானாக நிற்பதில்லை. ராக்ஃபெல்லர் 1960-இல் மறைந்த பிறகு பராமரிப்புக்குக் கைகள் குறைந்தன. வடிகால்கள் அடைத்தன, ஓரங்களில் மரம் முளைத்தது, மேல்மண் கரைந்தது. 1992 முதல் 1995 வரை அரசுப் பணத்தோடு ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் அகேடியா என்ற அமைப்பின் பணமும் சேர்ந்து சாலைகளை மீட்டது. அத்தோடு விடாமல் பராமரிப்புக்கென்றே ஒரு நிரந்தர நிதியையும் வைத்தார்கள். இப்போதும் ஒவ்வொரு நவம்பரிலும் தொண்டர்கள் திரண்டு வந்து வடிகால்களில் உதிர்ந்து கிடக்கும் இலைகளை வாரி எடுக்கிறார்கள். தடையை எழுதியவர்கள் மறந்துபோன வேலை அதுதான்.