ஒன்பது மணி யாருடையது?

சிட்லபாக்கத்தில் எங்கள் மாடி போர்ஷனில் விளக்கு அணைய விடியற்காலை மூன்றரை ஆகும். அங்கே குடியிருக்கும் பெண், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி கணக்கு பார்க்கிறாள். ஒருநாள் இறங்கிவந்து கேட்டாள்: "அண்ணா, எந்த நாட்டுல உக்காந்து வேணாலும் வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. எங்க போனா ராத்திரி தூங்கலாம்?" தமிழ் எம்.ஏ.வைக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை.

முதலில் கணக்கு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கிழக்கே போனால் கடிகாரம் முந்தும். மேற்கே போனால் பிந்தும். நியூயார்க்கின் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30 முதல் பின்னிரவு 2.30, குளிர்காலத்தில் 7.30 முதல் 3.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் தங்கள் கடிகாரத்தைத் திருகுகிறார்கள். நகர்வது இவளுடைய தூக்கம்.

"பினாங்குக்குப் போயேன், நம்ம சனம் இருக்கு" என்றார் அவள் அம்மா. தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மலேசியா 2022இல் தனி அனுமதி கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் பினாங்கு கிழக்கே இருக்கிறது. அங்கே இதே வேலை கோடையில் இரவு 9 முதல் காலை 5, குளிரில் 10 முதல் 6. முழு இரவும் போச்சு. கரும்புத் தோட்டத்துக்கு நம்மவர்களை ஏற்றிச்சென்ற மொரீஷியஸும் 2020இல் இப்படியொரு விசா திறந்தது. அங்கே மாலை 5 முதல் 1, அல்லது 6 முதல் 2. மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். லிஸ்பன் என்றால் பிற்பகல் 2 முதல் இரவு 10. வருடத்தில் சில வாரம் மட்டும் 1 முதல் 9. தூங்கலாம். காலை 8 மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ஆனால் 2022இல் வந்த போர்ச்சுகல் விசா அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் போல நான்கு மடங்கு வருமானம் கேட்கிறது. ஆக, தூக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது.

இந்த நேரங்களை இயற்கை என்று நம்பப் பழகியிருக்கிறோம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தின்படி மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. ரயில்கள் அதை வைத்து ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 5.30 என்றானது. தீபகற்ப மலேசியா 1982இல் அரைமணி முன்னே தள்ளிக்கொண்டது. இலங்கை அரசு 1996இல் நேரத்தை மாற்றியபோது, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. 2006இல் அரசே அதற்குத் திரும்பியது. கடிகாரத்தை அதிகாரம் திருகுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் செல்லாதென்றது. சமத்துவம் என்ற வகையில் அது சரியே. கூடவே பாதுகாப்பு, போக்குவரத்து என நிபந்தனைகளும் விதித்தது. வீட்டு மேசையில் நடக்கும் இரவு ஷிப்டில் வேன் இல்லை, கேண்டீன் இல்லை, கேட்க ஆளுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் 2019இலும் இரவு வேலையைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. அந்தச் செலவு சம்பளச் சீட்டில் வராது, உடம்பில் வரும்.

ஆகவே எந்த ஊர் என்பது இரண்டாவது கேள்வி. அவர்களுடைய ஒன்பது மணியில் நாம் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் இருந்தாக வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னேன். எதிராளி விழித்திருந்தால்தான் நடக்கும் வேலை எது, தனியே முடிக்கிற வேலை எது என்று இரண்டு பத்தி. முதல் பத்தி நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. மீதி ஆறு மணி நேரம் அவள் விழித்திருந்தது வேலைக்காக அல்ல, அங்கே பகல் என்பதற்காக.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் கேட்டிருக்கிறாள். அவர்கள் நாலு மணி நேரம் என்கிறார்கள். அவள் இரண்டில் நிற்கிறாள். மூன்றில் முடிந்தால்கூடக் குளிர்காலத்திலும் பத்தரைக்கு விளக்கை அணைக்கலாம், சிட்லபாக்கத்திலேயே. அதற்கப்புறம் லிஸ்பன் போவதென்றால் ஊர் பார்க்கப் போகட்டும். தூங்குவதற்காக நாடு விட்டுப் போகவேண்டியதில்லை. ஆனால் இது ஒருத்தி தனியாகப் பேசும் பேரம். எட்டு மணி நேர வேலைக்காக ஒரு காலத்தில் சங்கம் கட்டினோம். அந்த எட்டு மணி யாருடைய எட்டு என்பதையும் சேர்ந்துதான் கேட்கவேண்டியிருக்கும்.