பேசினால் எழுதும் கைப்பேசி

உதவி கேட்டு நமது அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நாம் முதலில் கேட்பது ஒரு மனு. உடனே பலருடைய முகம் வாடிவிடுகிறது. தங்கள் கஷ்டத்தைக் கால் மணி நேரம் கோவையாகச் சொல்லத் தெரிந்த தாய்மார்கள்கூட, அதையே ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்றால் பேனாவைத் தொடத் தயங்குகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் பேரன், தாலுகா ஆபீஸ் வாசலில் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் என்று யாரையாவது தேடிப் போகிறார்கள். கணவர் விட்டுப்போன கடன், மகள் வீட்டுத் தகராறு, தனக்கு வந்த நோய் எல்லாம் இப்படித்தான் மூன்றாவது மனிதரின் காதுக்குப் போகின்றன.

இந்தச் சங்கடத்தைப் பெருமளவு குறைக்கும் வசதி நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே இருக்கிறது. நாம் பேசுவதைக் கேட்டு அதுவே தமிழில் எழுதிக் காட்டும்.

ஆங்கிலத்துக்கு இது பழைய சங்கதி. 1990இல் அமெரிக்காவில் டிராகன் டிக்டேட் என்ற மென்பொருள் 9,000 டாலர் விலையில் வந்தது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினால்தான் அதற்குப் புரியும். தமிழுக்குக் கூகுள் இந்த வசதியைக் கொடுத்தது 2017 ஆகஸ்டில். அதே பட்டியலில் உருதுவும் இருந்தது. வீட்டில் உருதுவும் கடைத்தெருவில் தமிழுமாகப் பேசும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனியாகப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். கூகுளின் ஜிபோர்டு என்ற விசைப்பலகை பல கைப்பேசிகளில் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். அதன் அமைப்புகளுக்குள் போய், மொழிகள் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும். பிறகு எங்கே எழுத வேண்டுமோ அங்கே விரலை வைத்தால் விசைப்பலகை வரும். அதன் மேல் ஓரத்தில் ஒரு சிறிய மைக் படம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டுப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் பலரும் தடுமாறுவது இங்கேதான். செய்தி எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் வட்டமாகத் தெரியும் மைக், நம் குரலையே பதிந்து அனுப்பிவிடும். எழுத்தாக வேண்டுமென்றால் விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத் தொட வேண்டும்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பகுதியில் வாய்ஸ் டைப்பிங் என்பதைத் தொட்டு, மொழியைத் தமிழ் என்று மாற்றிக்கொள்ளலாம். நீண்ட கடிதங்களுக்கு அது வசதி. காற்புள்ளி, முற்றுப்புள்ளியை மட்டும் நாம்தான் கையால் போட வேண்டும்.

பேசும் விதத்தில் ஒரு பழக்கம் வேண்டும். நாம் எப்படிப் பேசுகிறோமோ ஏறக்குறைய அப்படியே அது எழுதும். "அவர் போன வருஷம் மவுத்தாயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, திரையில் "காலமானார்" என்று வரும் என எதிர்பார்க்கக் கூடாது. மனு என்றால் மனுவின் தமிழிலேயே பேச வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்று பார்த்துத்தான் அது ஊகிக்கிறது. எனவே ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பேசுவதைவிட முழு வாக்கியமாகச் சொன்னால் பிழை குறையும். ஃபேன் சத்தம், டிவி சத்தம் ஆகாது. குமணன்சாவடி சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு நாம் முயன்று பார்த்தோம். வந்த எழுத்தை நம்மாலேயே படிக்க முடியவில்லை.

பெயர்கள் விஷயத்தில் மட்டும் இதை நம்பவே நம்பாதீர்கள். இது நாம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மாணவியின் கல்வி உதவி மனுவை இப்படிப் பேசியே எழுதினோம். அவளுடைய தகப்பனார் பெயர் ஆதாரில் "அப்துர் ரஹ்மான்". கைப்பேசி அதை "அப்துல் ரகுமான்" என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்தவருக்கும் அது தவறாகப் படவில்லை, இரண்டும் ஒரே பெயர்தானே என்று விட்டுவிட்டார். ஆவணத்தோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று மனு திரும்பி வந்தது. திருத்தி மறுபடி கொடுப்பதற்குள் கட்டணம் கட்டும் தேதி போய்விட்டது. அந்தப் பிள்ளைக்காக அபராதத்தை நாமே கட்டினோம். அன்றிலிருந்து பெயர், இனிஷியல், கதவு எண், வங்கிக் கணக்கு எண், தேதி ஆகியவற்றை ஆவணத்தை எதிரில் வைத்துக்கொண்டு கையால்தான் அடிக்கிறோம்.

படிக்கத் தெரியாதவர்கள் எப்படிச் சரிபார்ப்பது? எழுதியதைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஒட்டி, ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் அது வாசித்துக் காட்டும். விட்டுப்போன வரி, மாறிப்போன சொல் எல்லாம் காதிலேயே பிடிபடும். ஆனால் "ந"வுக்குப் பதில் "ன" விழுந்திருப்பது காதுக்குத் தெரியாது. அதற்குப் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசியாக ஒருமுறை பார்த்துத்தான் ஆக வேண்டும். பெரிய கஷ்டத்தைக் கேட்டு எழுத ஒருவரைத் தேடுவதைவிட, பிழை பார்க்க வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது எளிது.

கடை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். பிரியாணி ஆர்டர் எடுக்கும் சகோதரர் கரண்டியைக் கீழே வைக்காமலே சாமான் பட்டியல் சொல்லலாம். தையல் வேலை செய்யும் பெண்கள் அளவு டேப்பைக் கையில் பிடித்தபடியே அளவுகளைச் சொல்லிக் குறித்துக்கொள்ளலாம். எண்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஆறு என்று நாம் சொல்வது எண்ணா, தண்ணீர் ஓடும் ஆறா என்பது அதற்குச் சில சமயம் குழப்பம்தான்.

நாம் பேசுவது பெரும்பாலும் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்குப் போய் எழுத்தாகித் திரும்புகிறது என்பதையும் அறிந்திருங்கள். ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் போன்றவற்றை இதில் ஒருபோதும் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது ஆதார் எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டாம். மனுவை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தாள் கைக்கு வந்ததும் அவர்கள் எதிரிலேயே அதை அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளுக்கு மனு கொண்டுபோக இருப்பவர்கள், முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கைப்பேசியோடும் ஆதார் நகலோடும் நமது அலுவலகத்துக்கு வரலாம். தமிழைச் சேர்த்துத் தருகிறோம். உள்ளறை காலியாக இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் மனுவை நீங்களே பேசி முடிக்கலாம். பெயரையும் எண்களையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் எங்கள் வேலை.