கப்பல் ஆடினாலும் கயிறு ஆடக்கூடாது

பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2021-இல் நடு இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்துக்கு 'வராஹா' ஊர்தியை இறக்கி, கடலடித் தரையில் ஓட்டிப் பார்த்தது. இத்தகைய செய்திகளில் நம்மை மலைக்க வைப்பது ஆழத்தின் அழுத்தம். மேலே மிதக்கும் கப்பலின் ஆட்டமும் அதற்குச் சளைத்த எதிரியல்ல. எட்டு வினாடிக்கு ஒருமுறை, நடுநிலையிலிருந்து இரண்டு மீட்டர் மேலும் இரண்டு மீட்டர் கீழுமாகக் கப்பல் எழுந்து தாழ்ந்தால், கருவி தொங்கும் கயிற்றின் மேல்முனையில் ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நீருக்குள் கருவியின் எடை குறையும்; நிறை குறையாது. சுற்றியுள்ள நீரையும் சேர்த்தே அது நகர வேண்டும். அதனால் கப்பல் சட்டென்று தாழும்போது கருவியால் கூடவே அமிழ முடியாமல் கயிறு தொய்கிறது. கப்பல் எழும்போது வெடுக்கென்று விறைக்கிறது. இந்த வெட்டிழுப்பில் கயிறு அறுபடலாம்.

காற்றாடி விடுபவர் நூலை விட்டும் சுண்டியும் பிடிப்பதைப்போல ஓர் இயந்திரம் கயிற்றைக் கையாண்டால் இது தீரும். அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கயிற்றுக்கும் கப்பலுக்கும் இடையே அழுத்தப்பட்ட நைட்ரஜன் தாங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரை வைப்பது. இதற்கு மின்சாரமோ சென்சாரோ வேண்டாம். மற்றது, கப்பலின் அசைவைச் சென்சார் அளக்க, கணினி கணக்கிட, வின்ச் மோட்டார் கயிற்றை விட்டுச் சுருட்டுவது. இரண்டாவது துல்லியமானது, ஆனால் முடுக்கத்திலிருந்து நகர்வைக் கணக்கிடும்போது சிறு பிழையும் பெருகிக்கொண்டே போகும், மின்சாரம் நின்றால் எல்லாமே நின்றுவிடும். எனவே சுமையை வாயு தாங்கட்டும், திருத்தத்தை மட்டும் மோட்டார் செய்யட்டும் என்பதே என் கட்சி.

அந்த வாயு சிலிண்டரின் நுட்பம் நமக்குப் புதிதல்ல. ஆவடியில், போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇ வடிவமைத்த அர்ஜுன் டாங்கி மேடுபள்ளத்தைத் தாங்குவது அழுத்தப்பட்ட வாயுவாலும் எண்ணெயாலும்தான். டாங்கிச் சக்கரத்தின் அசைவு சில நூறு மில்லிமீட்டர், கடலில் தேவையோ பல மீட்டர், போதாததற்கு உப்புக் காற்று வேறு என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் வாயு கசியாத சீல், உராய்வைக் குறைக்கும் பிஸ்டன், அழுத்தத்துக்கேற்ற சுவர்த் தடிமன் ஆகியவற்றில் இரண்டுக்கும் தேவைப்படும் அறிவு ஒன்றே.

கடல் அமைதியான நாளில் வேலை செய்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. தென்கோடிப் பெருங்கடலின் புயல் எழுப்பும் நெடும் அலை, காற்றே இல்லாத நாளிலும் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வரும். கேரளக் கரையில் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். மூவரைச் சுமக்கவிருக்கும் ஆழ்கடல் ஊர்தியான 'மத்ஸ்யா 6000' கயிறின்றி இயங்குவதுதானே என்றால், அதையும் கப்பலிலிருந்து இறக்கி, மீண்டும் தூக்கியாக வேண்டும்; உள்ளே ஆள் இருக்கும்போது வெட்டிழுப்புக்கு இடமே கொடுக்கக் கூடாது. வாயுவும் மோட்டாரும் சேர்ந்த இந்த இயந்திரத்தைச் சோதிக்க முதலில் வேண்டியது கப்பல் அல்ல. அலையைப்போல ஏறி இறங்கும் ஒரு சோதனை மேடை போதும். அதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரையிலேயே கட்டலாம்.